வீட்டோடு மாப்பிள்ளைக்கு ஏது தாலி?

சின்ன வயதில் என்னை வாயாடி என்று சொல்லாத ஆள் எங்கள் ஊரில் கிடையாது. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே விழுந்து பேசுவேன். அம்மா தொடையில் கிள்ளுவாள். கிள்ளிய இடத்தைத் தேய்த்துக்கொண்டே மறுபடியும் பேசுவேன். அந்த வாயால் ஊருக்கு ஒரு நல்லது நடந்தது என்று இன்றைக்கும் நான் பீற்றிக்கொள்வதுண்டு. என் பிள்ளைகள் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனார்கள். அவர்களுக்குச் சலித்தால் எனக்கென்ன, உங்களிடம் சொல்கிறேன்.

திருச்சுழியில் பஸ்ஸை விட்டு இறங்கி, உடைமரக் காட்டுக்குள் நெடுக நடந்து போக வேண்டிய ஊர் எங்களுடையது. கிணறு தோண்டினால் உப்புத் தண்ணீர்தான் வரும். குடிக்கவும் சமைக்கவும் ஊருணி ஒன்றே கதி. ஐப்பசி மழைக்கு நிரம்புகிற ஊருணி கோடையில் சுருங்கிச் சுருங்கி நடுவில் குட்டையாக நிற்கும். பெண்கள் முழங்கால் தண்ணீரில் இறங்கித்தான் குடத்தை முக்குவார்கள்.

அந்தத் தண்ணீரில் இருந்து வந்ததுதான் நரம்புச் சிலந்தி. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது என்னவென்றே தெரியாது, தெரியாமலே இருக்கட்டும். காலில் தீப்பட்ட மாதிரி ஒரு கொப்புளம் எழும்பும். அது உடைந்தால் உள்ளேயிருந்து வெள்ளை நூலாக ஒரு புழு தலையை நீட்டும். அதைக் குச்சியில் சுற்றித் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்து அறுந்துவிட்டால் போச்சு, கால் வீங்கிப் புண்ணாகி ஆள் எழுந்து நடமாட மாசக்கணக்காகும். பங்குனி பிறந்தால் எங்கள் ஊரில் பாதிப்பேர் நொண்டுவார்கள். நொண்டாதவர்கள் நொண்டுகிறவர்களைப் பார்த்து, "ஒனக்கு இந்த வருசம் முந்திருச்சு" என்பார்கள். அவ்வளவு சகஜம்.

என் அப்பாவுக்கு அது சகஜமாக இல்லை. நாங்கள் உழுதது குத்தகை நிலம். நிலக்காரர் அருப்புக்கோட்டை டவுனில் இருந்தார். அடுத்தடுத்து இரண்டு கோடை அப்பா காலை நீட்டிப் படுத்துவிட்டதால் ஆவணி உழவு தவறி, புரட்டாசி விதைப்பு தவறி, நிலம் தரிசாகக் கிடந்தது. இரண்டாம் தடவை நிலக்காரரே வந்து பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. கட்டிலில் கிடந்த அப்பாவின் காலைப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு வருசம் பொறுப்பதாகவும், அதற்குமேல் முடியாதென்றும் சொல்லிவிட்டுப் போனார். அந்த நிலம் போனால் உடைமரம் வெட்டிக் கரிமூட்டம் போடப் போவதைத் தவிர எங்களுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

இந்த இடத்தில் என் அத்தையைச் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு அக்கா. கட்டிக்கொடுத்த இடத்தில் ஒத்துவராமல் திரும்பி வந்து எங்கள் வீட்டோடு இருந்தாள். வாய் என்றால் அப்படி ஒரு வாய்! எனக்கு வாய்த்தது அங்கிருந்துதான் என்று அம்மா சொல்லுவாள், பாராட்டாக அல்ல. அத்தையிடம் ஒருவர் ஒன்றைச் சொன்னால், "ஒனக்கு எப்படித் தெரியும்?" என்று திருப்பிக் கேட்பாள். குறி சொல்ல வந்த கோடாங்கியிடமே கேட்டவள்.

அப்பா இரண்டாம் தடவை படுத்த அந்த வருசம், அதற்குக் கொஞ்சம் முன்னால் மாசியில், சுகாதார இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்தார். தண்ணீரை நெருக்கமான துணியில் வடிகட்டிக் குடியுங்கள், சிலந்தி வந்த காலோடு யாரும் ஊருணியில் இறங்காதீர்கள் என்று சொல்லிவிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு ஓடினார். எல்லார் வீட்டிலும் குடத்து வாயில் துணி கட்டினார்கள். பங்குனி வந்தது, வழக்கம்போலச் சிலந்தியும் வந்தது. ஊரே அந்த மனிதரை வைதது. குடத்துத் துணியெல்லாம் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைக்கப் போயிற்று. எங்கள் வீட்டில் மட்டும் துணியை எடுக்கவில்லை. காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை, அத்தை எதையும் லேசில் விடமாட்டாள்.

வைகாசியில் என் சித்தப்பாவுக்குக் கல்யாணம் நடந்தது. சித்தி பாலவனத்தத்துக்காரி. அந்தப் பக்கம் நல்ல கிணறு உண்டு, சிலந்தி கிடையாது. புதுப்பெண்ணைப் பார்க்க வந்த பெண்கள் அவளுக்குத் தைரியம் சொன்னார்கள். புதுத்தாலியின் மஞ்சள் மங்கும்வரை சிலந்தி பக்கத்தில் அண்டாது, பயப்படாதே, அடுத்த வருசம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். இது எங்கள் ஊரில் ஆண்டாண்டாக நம்பிய விசயம். கண்ணால் கண்டதும்கூட: வந்த வருசம் எந்தப் புதுப்பெண்ணுக்கும் சிலந்தி வந்ததில்லை. அதனாலேயே கோடையில் புதுப்பெண்களைத்தான் ஊருணிக்கு மாற்றி மாற்றி அனுப்புவார்கள், தாலி காக்கும் என்று.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"அப்ப கடைக்காரத் தாத்தா வீட்டு மாமாவுக்கு? அவுகளுக்கும் வந்த வருசம் வரலையே, அடுத்த வருசந்தான வந்துச்சு. அவுக கழுத்துல ஏது தாலி?"

பலசரக்குக் கடைக்காரர் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வீட்டோடு மாப்பிள்ளை எடுத்திருந்தார். அந்த மாமா வந்த வருசம் ஊர் முழுக்க நொண்டுவதைப் பார்த்துக் கேலி செய்தார். மறு வருசம் அவரும் நொண்டினார். அதை வைத்துத்தான் நான் கேட்டேன். பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கடைக்கார வீட்டு அம்மா முகம் கடுகடுத்தாள். அம்மா என்னைக் கிள்ளினாள். அத்தை மட்டும் சிரிக்கவில்லை.

"ஏ புள்ள, இன்னொரு தடவ சொல்லு," என்றாள்.

மறுநாளிலிருந்து அத்தை வீடுவீடாக ஏறி இறங்க ஆரம்பித்தாள். எந்த மாசம் இந்த ஊருக்கு வந்தே, முதல் சிலந்தி எப்போ வந்துச்சு என்று வாக்கப்பட்டு வந்த ஒவ்வொருத்தியையும் கேட்டாள். மாற்றலாகி வந்த வாத்தியாரையும் கேட்டாள். பஞ்சாலை வேலைக்கு ஊரைவிட்டுப் போன ஒருத்தனுக்கு, போன இடத்தில் நல்ல தண்ணீர் குடித்தும் மறு கோடையில் சிலந்தி வந்ததைக் கண்டுபிடித்தாள். எல்லாரும் ஒரே மாதிரிச் சொன்னதில் அவளுக்குத் திருப்தி வரவில்லை. "வந்த வருசமே சிலந்தி வந்த ஆளு யாராச்சும் உண்டா?" என்று அதைத்தான் விடாமல் தேடினாள். ஒருத்தி, எனக்கு வந்ததே என்றாள். அத்தை முகம் வாடிவிட்டது. பிறகு தோண்டித் துருவிக் கேட்டதில், அவள் தன் சொந்த அத்தை மகனைக் கட்டிக்கொண்டவள், கல்யாணத்துக்கு முந்தின கோடையிலும் விருந்தாளியாக வந்து இதே ஊருணித் தண்ணீரைக் குடித்தவள் என்று தெரிந்தது. அன்றைக்கு அத்தை வீட்டுக்கு வந்து ரெண்டு கும்பா கூழ் குடித்தாள்.

"தாலியுமில்ல ஒரு மண்ணுமில்ல. இந்த வருசம் கால்ல வாரது போன வருசம் வாயில போனது. அந்த இன்ஸ்பெக்டர் மனுசன் சொன்னது நெசந்தான். ஒரு வருசம் பொறுக்காம நாமதான் வஞ்சுட்டோம்."

ஊரில் சொன்னாள். யார் கேட்பது? ஒரு தடவை துணியைக் கட்டி ஏமாந்தவர்கள், மறுபடியும் கட்டு, ஒரு வருசம் கழித்துத்தான் பலன் என்றால் கும்பிடு போட்டு அனுப்பினார்கள். அத்தை அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறினாள். அங்கே தறி போடுகிற வீடுகளில் அவளுக்குப் பழக்கம் உண்டு. தறியில் நெய்து மிச்சமான நெருக்கமான துண்டுத் துணியாகக் கேட்டு வாங்கி வந்தாள். ஊருக்கே காணும் அளவுக்கு இல்லை. அதை யாருக்குக் கொடுத்தாள் என்கிறீர்கள்? அந்த வருசம் புதிதாக வாக்கப்பட்டு வந்த பெண்களுக்கு மட்டும்.

வீட்டில் பெரிய சண்டை. பக்கத்து வீட்டுப் பெரியப்பா காலை இழுத்துக்கொண்டு கிடக்கிறார், அவருக்கு இல்லாத துணி, ஒரு நோவும் இல்லாத புதுப்பொண்ணுக்கா என்று அம்மா கத்தினாள். எனக்கும் அம்மா சொன்னதுதான் நியாயமாகப் பட்டது. நோவு வந்தவனை விட்டுவிட்டு வராதவளுக்கு மருந்து கொடுப்பார்களா யாராவது?

"அவருக்கு அடுத்த வருசத்துச் சிலந்தி இப்பவே உள்ள இருக்கு," என்றாள் அத்தை. "துணி குடுத்தாலும் வரும். வந்தா துணியத்தான் வைவாக. புதுசா வந்தவ ஒடம்புல ஒண்ணுமில்ல. அவளுக்கு ரெண்டாம் வருசம் வரலைன்னு வையி, அப்புறம் ஒருத்தன் வாயத் தொறக்க முடியாது. ஊரே வந்து கேக்கும். பெரியப்பாவும் கேப்பாரு."

"ஒங்க கணக்கு ஒங்களுக்கு, மதினி," என்று அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அடுத்த பங்குனி வந்தது. ஊரே புதுப்பெண்களின் காலைப் பார்த்தது. பாவம், சித்தி கொலுசு போட்ட காலைச் சேலைக்குள் இழுத்து இழுத்து மறைப்பாள். பங்குனி போனது, சித்திரை போனது. ஊர் வழக்கம்போல நொண்டியது. புதுப்பெண்கள் ஒருத்திக்கும் வரவில்லை. எங்கள் வீட்டில் அப்பாவுக்கு வரவில்லை! காலையில் எழுந்ததும் அவர் பாதத்தைத் திருப்பித் திருப்பித் தடவிப் பார்ப்பார். நாங்களும் பார்ப்போம். வாய்விட்டுச் சொன்னால் திருஷ்டி பட்டுவிடும் என்று ஒருவரும் சொல்ல மாட்டோம்.

ஆனாலும் ஊர் மசியவில்லை. புதுப்பெண்கள் வெளியூர் உடம்பு, தாங்கும் என்றார்கள். எங்கள் வீட்டுக்குக் குலசாமி துணை, போன பொங்கலுக்குக் கிடா வெட்டினார்களே என்றார் கடைக்காரர். நானும் ஒவ்வொருவரிடமும் மல்லுக்கு நின்று பார்த்தேன். எடுபடவில்லை.

அப்படி இருக்கும்போது வைகாசியில் அத்தையின் குதிங்காலுக்குமேல் ஒரு கொப்புளம் எழும்பியது.

எனக்கு உயிரே போய்விட்டது. ஊரெல்லாம் துணி, துணி என்று தொண்டை வறள நான் பேசியிருக்கிறேன். இனி எந்த முகத்தோடு பள்ளிக்கூடம் போவது? கொப்புளம் உடைந்து நூல் தலைகாட்டியதும் சேதி பரவிவிட்டது. கடைக்காரர், அவர் மாப்பிள்ளை, வாத்தியார், தெருப் பெண்கள் எல்லாரும் விசாரிக்கிற சாக்கில் வந்து வாசலில் கூடினார்கள். "என்னத்தா, துணி ஒன்னையே கைவிட்டுருச்சா?" என்றார் கடைக்காரர். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அத்தை கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். இத்தனை கூட்டம் வந்ததில் அவளுக்குச் சந்தோசம் போல இருந்தது.

"எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்டாள். "நல்லாக் கேட்டுக்கங்க. ஒரே வீடு, ஒரே ஊருணி, ஒரே படித்துறை, ஒரே குடம். இவுக அத்தனை பேரும் வடிகட்டிக் குடிச்சாக. நான் போன வைகாசியில இருந்து தெனம் ஒரு செம்பு வடிகட்டாமக் குடிச்சேன். எந் தம்பி பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாது. சாமி இந்த வீட்டுக்குத் துணைன்னா, நான் எந்த வீடு?"

கடைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். பிறகு அவருடைய மாப்பிள்ளைதான் முதலில் வாயைத் திறந்தார். "அந்தத் துணி எங்க கெடைக்கும்க்கா?" என்றார்.

அந்த வாரமே ஊர்க்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு அருப்புக்கோட்டை போனார்கள். சிலந்தி வந்த ஆள் ஊருணியில் இறங்கினால் அபராதம் என்று ஊர் கூடித் தீர்மானம் போட்டார்கள். அத்தை தன் கால் புண் ஆறும்வரை ஊருணிக் கரைப்பக்கமே போகவில்லை. அடுத்த கோடையில் நொண்டியவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது, அதற்கும் அடுத்த கோடையில் தேடியும் கிடைக்கவில்லை. அத்தைக்குச் சிலந்தி வந்த வருசத்து ஆவணியிலேயே அப்பா ஏர் பூட்டினார். புழுதி பறக்க உழுதார். நிலக்காரர் வரப்பில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். என் அப்பா அவ்வளவு நிமிர்ந்து நடந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இதெல்லாம் பெருமையாகச் சொல்கிறேன். ஆனால் கூட்டம் கலைந்த அன்று எனக்கு வந்தது பெருமை இல்லை, ஆத்திரம். அம்மா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, அத்தையின் காலை மடியில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு குச்சியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். எத்தனையோ வருசமாக ஒரு பேச்சு ஒத்துப்போகாத இருவர். அம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு வலி பொறுத்தாள்.

"கிறுக்கா ஒங்களுக்கு?" என்று நான் கத்தினேன். "வேற யாரையாச்சும் வடிகட்டாமக் குடிக்கச் சொல்லியிருக்கலாம்ல?"

"யாரச் சொல்ல?" என்றாள் அத்தை.

நான் உடனே பேர் சொல்ல ஆரம்பித்தேன். எனக்கு வாயா இல்லை? கடைக்காரத் தாத்தாவைச் சொன்னேன், அவர் மாப்பிள்ளையைச் சொன்னேன், வகுப்பில் என் தலையைக் குட்டுகிற வாத்தியாரைச் சொன்னேன். ஒவ்வொரு பேருக்கும் அத்தை வலியை மறந்து சிரித்தாள், அம்மா அழுகைக்கு நடுவே சிரித்தாள். நான் சொன்ன ஆட்களை நினைத்துத்தான் சிரிக்கிறார்கள் என்று எண்ணி, இன்னும் உற்சாகமாகப் பேர்களை அடுக்கினேன். அவள் கேட்ட கேள்விக்கு இந்த ஊரில் ஒரே ஒரு பேர்தான் பதில் என்பதும், அந்தப் பேரை அவள் ஒரு வருசத்துக்கு முன்பே தனக்குள் சொல்லிக்கொண்டுதான் முதல் செம்பை எடுத்தாள் என்பதும், அத்தனை பேசிய எனக்கு அன்றைக்கு எட்டவே இல்லை.