பக்கெட்டுக்குப் போன கேமரா

பழைய ஃபிலிம் கேமரா சேர்க்கும் ஆசை உள்ளவர்கள் ராயபுரத்தில் குடியிருக்கக் கூடாது. ஜன்னலைத் திறந்தால் உப்புக்காற்று, மூடினால் புழுக்கம். இரண்டுக்குமே லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். கைப்பையில் அடங்கும் அந்தச் சின்னக் கேமராக்களை வாங்க ஆரம்பித்ததிலிருந்து படம் எடுப்பதைவிடத் துடைப்பதிலேயே என் நேரம் போகிறது. பேட்டரி கசிந்து பச்சை பூத்த தகடுகளை வினிகர் தொட்டுச் சுரண்டுவேன். வெளிச்சம் புகாமலிருக்க மூடியின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் பஞ்சு தார் போல உருகி விரலில் அப்பிக்கொள்ளும். அந்த விரலோடு மீன் குழம்புக்குப் புளி கரைக்கப் போனால் மாமியார் பார்க்கும் பார்வை இருக்கிறதே!

கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். அவர் எதுவும் சொல்ல மாட்டார். அவருக்கும் சேர்த்து மாமியார் சொல்லிவிடுவார்.

போன மழைக்காலத்தில் ஒரு கேமரா என்னைப் பாடாய்ப் படுத்தியது. ஷட்டர் திறக்கும், மூடாது. பிரித்தேன், மாட்டினேன், மறுபடி பிரித்தேன். கடுகளவு திருகாணி ஒன்று தெறித்து ஓட, ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்குக்கூடப் போகாமல் தரையில் தவழ்ந்து தேடினேன். கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை ஷட்டர் ஒழுங்காக மூடியது. புது பேட்டரி போட்டு ஃபிளாஷையும் அடித்துப் பார்த்தேன். பளீரென்று வெளிச்சம். சந்தோஷத்தோடு மேசைமேல் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

மதியம் திரும்பியபோது மேசை காலி. குளியலறையில் புதிதாக ஒரு நீல பக்கெட்.

"அத்தே, மேசை மேல இருந்த கேமரா எங்க?"

"அந்த இத்துப்போன டப்பாவா? பிளாஸ்டிக் வண்டிக்காரன் வந்தான். அந்து போன செருப்பு, ஒட்ஞ்ச கூடையோட சேத்துக் குட்த்துட்டேன். பக்கெட்டு குட்த்தான். நல்லா கெட்டியா கீது பாரு."

"அது நல்லா வேலை செய்யுது அத்தே!"

"அப்புறம் இன்னாத்துக்கு தெனம் பிரிச்சிகினே கெடந்த?"

அவர் கேட்டது நியாயம்தான். எரிச்சல் இரண்டு மடங்கானது அதனால்தான்.

அந்த வண்டிக்காரர் கொருக்குப்பேட்டையில் ஒரு பழைய சாமான் கடையில் சரக்கை இறக்குவார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ஆட்டோ பிடித்தேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் பாதி தூரம் போய் நின்றது. பிறகு பின்னால் வந்தது. மறுபடி நின்றது. ஆட்டோக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டு வசதியாகச் சாய்ந்துகொண்டார். இந்நேரம் கேமராமேல் சுத்தியல் விழுந்திருக்கும் என்று நினைத்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கடையில் பிளாஸ்டிக் தனியாக, செம்பு தனியாக உடைத்துக் குவித்துக்கொண்டிருந்தார்கள். கேமரா என்றதும் கடைக்காரர் ஓரடி பின்னால் போனார்.

"யக்கா, உன்துதானா அது? மொதல்ல எட்த்துகினு கெளம்பு. மூடிய நெம்புனேன், கரன்ட்டு அட்ச்சி கைய உதறிடுச்சி. பேய் பூந்த பொட்டி! ஒருத்தனும் கிட்ட போவ மாட்டேங்குறான்."

உடைந்த நாற்காலி ஒன்றின்மேல் என் கேமரா தனியாக உட்கார்ந்திருந்தது. ஃபிளாஷுக்காக உள்ளே தேங்கியிருந்த மின்சாரம் அவரைத் தாக்கியிருக்கிறது. காலையில் நான் அதைச் சோதித்துப் பார்க்காமல் விட்டிருந்தால் அந்தக் குவியலில் தூளாகியிருக்கும். மேல்மூடியில் ஒரு விரிசல், அவ்வளவுதான். கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். கேட்கும்போதே சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

விரிசலை ஒட்டி, ஃபிலிம் போட்டு, கிறிஸ்துமஸ் அன்று மாமியாரைப் புதுச்சேலையில் மொட்டைமாடியில் நிற்கவைத்துப் படம் எடுத்தேன். கழுவி வந்த படத்தில் ஒரு கீற்று வெளிச்சம்கூடக் கசிந்திருக்கவில்லை. பெருமையோடு நீட்டினேன். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"சேலை நல்லா வந்துகீது. மூஞ்சிதான் கறுப்படிச்சிகீது. போன்ல எட்த்துருந்தா பளிச்சுனு இருந்துருக்கும்."

அப்படிச் சொன்னவர் படத்தைத் திருப்பித் தரவில்லை. அடுத்த வாரம் நாத்தனார் வந்தபோது பீரோவிலிருந்து எடுத்துக் காட்டினாராம். யார் எடுத்தது என்று கேட்டதற்கு, ஸ்டுடியோவில் எடுத்தது என்றாராம்.