ஒரே மரம்

குலசேகரத்துக்கு மேலே இருக்கும் எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு இலை பறிக்க ஓர் ஆராய்ச்சி மாணவி வந்தாள். ரப்பரின் மரபணுத் தொகுதியை முன்பே வாசித்துவிட்டார்களாம். இப்போது வகைக்கு வகை ஒப்பிடுகிறார்களாம். ஆராய்ச்சி என்பார்கள், பின்னால் யார் சம்பாதிப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்?

“இங்க எல்லாமே ஒட்டுக்கன்னு ஐயா. ஒரே தாய்மரத்து மொட்டு. எந்த மரத்து இலையை வாசிச்சாலும் ஒண்ணுதான்” என்றாள்.

பக்கத்தில் நின்ற எங்கள் பால்வெட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். கீழ்வரிசை மரங்களில் பால் பிடிக்கக் கட்டிய சிரட்டைகளில் எப்போதும் பாதிப் பால்தான் இருக்கும். அவர்மேல் எனக்கு முன்பே ஒரு சந்தேகக் கண்.

“எல்லாம் ஒரே மரம்னா, அங்க மட்டும் பால் எங்க போவுது?”

அவர் கத்தியைத் துடைத்தபடி நின்றார். மாணவிதான் பதில் சொன்னாள்.

“வேர் ஒண்ணில்ல ஐயா. விதையில முளைச்ச கன்னுலதான் மொட்டை ஒட்டுவாங்க. ஒவ்வொரு வேரும் வேற வேற. அதனாலயும் பால் குறையும்.”

“அப்போ நீங்க வாசிக்கது பாதி மரம்தானே, மக்கா?” என்றேன்.

“ஆமா. இலையை மட்டும்தான்.”

மறுநாள் வெட்டு முடிந்ததும் பால் வாளிக்குள் எட்டிப் பார்த்தேன். பால்வெட்டுக்காரர் எனக்கு நன்றாகத் தெரியும்படி வாளியைச் சாய்த்துப் பிடித்தார்.