தங்கப் பலகையின் தூக்கிய கால்

ஹெர்மின் ஸ்விங்கெல்ஸுக்கு வாய் நீளம். பெருமை அதைவிட நீளம். ஐண்ட்ஹோவனில், குறைமாதக் குழந்தைகளின் மூச்சைக் கவனிக்கும் கருவிகள் செய்யும் தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டுகளைச் சோதிப்பது அவள் வேலை. பழைய ஆட்களைப் போல சிப்பின் உலோகக் கால்களை ஒவ்வொன்றாக ஊசியால் குத்திப் பார்ப்பதில்லை. இந்தப் புதுச் சிப்புகளின் ஒவ்வொரு காலுக்குப் பின்னாலும், பேசவும் கேட்கவும் ஒரு சின்ன அறை உண்டு. கம்ப்யூட்டரில் உட்கார்ந்தபடி ஒரு சிப்பைப் பேசச் சொல்வாள். கேட்டதா என்று அடுத்த சிப்பிடம் விசாரிப்பாள். கேட்டால் நடுவிலுள்ள இணைப்பு சரி.

அன்று காலை, இளஞ்சிவப்புச் சோம்புமிட்டாய் தூவிய ரஸ்க்கைத் தட்டு நிறையக் கொண்டு வந்திருந்தாள். தங்கை லீஸ்பெத்துக்குப் பெண் பிறந்திருந்தது; பெண் பிறந்தால் அதைக் கொடுப்பது அங்கே வழக்கம். ஏழே மாதத்தில் அவசரப்பட்டு வந்த அந்தக் குழந்தை ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. பக்கத்தில் இதே தொழிற்சாலையின் கருவி.

"என் போர்டுதான் எங்க பொண்ணுக்குக் காவல். தைரியமா சாப்பிடுங்க!" என்று ஆளாளுக்கு நீட்டினாள்.

சாலிடர் பிரிவின் தூன் ரஸ்க்கை எடுக்கவில்லை. "புதுசா வந்த போர்டு அத்தனையையும் உன் மெஷின் தள்ளிவிடுது, ஹெர்மின்."

"உன் சாலிடரைப் பாரு. என் மெஷின் மேல பழி போடாத."

"துளை வழியா சாலிடர் பூசுற பழைய அச்சுத் தகட்டைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு மாத்தியிருக்கேன். சாலிடர் பளபளன்னு இருக்கு. வேணும்னா நக்கிப் பாரு!"

சிரித்துக்கொண்டே திரையைப் பார்த்தாள். எல்லாம் ஒரே இடம். கேட்கக் கூடாத இடத்தில் சத்தம் கேட்கிறது என்று புகார்.

"எங்கியோ சாலிடர் ஒழுகி ஒட்டியிருக்கு."

தூன் வரைபடத்தை விரித்தான். "நீ சொல்ற அதே இடம். இந்த இணைப்பு இருக்கணும்னுதானே வரைஞ்சிருக்கு?"

ரஸ்க் அவள் வாயிலேயே நின்றுவிட்டது.

அந்த வரைபடத்தைப் பார்த்துத்தான் மெஷினுக்குப் பாடம் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பாடம் சொன்ன அந்த நாளில் ஊரில் கார்னிவல் திருவிழா. வரைபடக்காரர்கள் இறகுத் தொப்பியும் பீருமாகத் தெருவில் ஆடிக்கொண்டிருந்தார்கள். காத்திருக்க இவளுக்குப் பொறுமை இல்லை. அலமாரியில் ஃபிளானல் துணி சுற்றி வைத்திருந்த தங்கப் பலகையை எடுத்தாள். குறையே இல்லாத மாதிரி போர்டு என்று தொழிற்சாலையே கொண்டாடியது அது. "இது எப்படிப் பேசுதோ அதுதான் சரி" என்று மெஷினுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டாள்.

இப்போது அதே பலகையைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்தாள். ஒரு கால் மட்டும் மயிரிழை தூக்கி நின்றது. இடுக்கியால் தொட்டாள், ஆடியது.

பழைய தகட்டில் அந்த ஒரு துளை அடைத்து, அந்தக் காலுக்கு மட்டும் சாலிடரே விழாமல் இருந்திருக்கிறது. இதுவரை வெளியே போன போர்டுகளிலும் அதே கால் தூக்கித்தான் நின்றிருக்கும். தங்கப் பலகையைப் போலவே இருந்ததால் எல்லாம் தேறிவிட்டன. மின்சாரம் நின்றால் அலறச் சொல்லும் இணைப்பு அது. கடைசிச் சோதனையில் யாரும் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்ததில்லை. ஹெர்மின் பார்த்தாகிவிட்டதே என்ற நம்பிக்கை!

"தூன்... போனதெல்லாம் ஊமை."

"எதெல்லாம்?"

"எல்லாமே."

தூன் மேலதிகாரியிடம் ஓடினான். ஹெர்மின் ஆஸ்பத்திரிக்கு போன் போட்டாள். எடுத்தது குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் மரேய்க்கே.

"கருவியோட பிளக்கைப் பிடுங்குங்க. குழந்தை பக்கத்துலயே நின்னுக்கிட்டு."

"விளையாடுறீங்களா? வார்டே முழிச்சிக்கும்!"

"முழிக்கட்டும். தயவுசெஞ்சு பிடுங்குங்க."

ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அலறட்டும், கடவுளே, அலறட்டும் என்று கெஞ்சினாள். தூரத்தில் ஒரு குழாய் சொட்டுவதுகூடக் கேட்டது. வேறொன்றும் கேட்கவில்லை.

மரேய்க்கே திரும்பி வந்தபோது அவள் குரலே மாறியிருந்தது.

"குழந்தை நல்லாயிருக்கா. பிளக்கைத் திரும்பச் சொருகிட்டேன், இனி இங்கேருந்து நகர மாட்டேன்... ஹெர்மின், நேத்து தரை துடைச்சவங்க இந்தப் பிளக்கைக் கழட்டிட்டுப் போயிருந்தாங்க. தற்செயலா திரும்பினேன், திரை இருட்டா இருந்துச்சு. கருவி அலறியிருக்கும், எனக்குத்தான் கேக்கலைன்னு நான் என் காதைத்தான் சந்தேகப்பட்டேன்."