ராஜா காலத்தில் ஒரு கயிறு

முந்நூறு ஆண்டுக்கு முந்தைய கதை என்று சொல்லி, குமாரபாளையத்தில் எங்கள் வீட்டுத் தறியைத் தொலைக்காட்சி நாடகத்துக்குப் படம்பிடிக்க வந்த இயக்குநர் அவர். பேசும்போதெல்லாம் தடித்த கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அப்போது எதிரில் நிற்பவர் முகம் அவருக்குத் தெரியாது.

எங்களுடையதைப் போல, கயிற்றை இழுத்தால் குறுக்கு நூலைக் கொண்டுபோகும் ஓடம் பாயும் தறி வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது. அதற்கு முன் ஓடத்தைக் கையால்தான் எறிந்தார்கள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான், வரலாறுதான் என் பாடம். கதை நடக்கும் காலத்தில் இந்தக் கயிறே கிடையாது என்று அவரிடம் சொன்னேன். அப்பாவும், "கையிலயே வீசிக் காட்டறேனுங்க" என்றார்.

அவர் கண்ணாடியைத் துடைத்தார். "தெரியும்மா. நானும் சரித்திரம் எம்.ஏ.தான். கையால எறிஞ்சா மெதுவா இருக்கும். யாரு பார்ப்பா?"

ராஜா காலத்தில் கயிறு இல்லை என்று தெருவிலும் சொல்லியிருந்தேன். நாடகம் வந்த அன்று தெருவே ஒரு டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தது. ராஜா காலத்து நெசவாளியாக வேஷம் போட்ட அப்பா கயிற்றை இழுத்தார். பக்கத்து வீட்டு அக்கா சிரித்தாள்.

"ஏஞ்சாமி, படிச்ச புள்ள சொன்னது பொய்யாட்ட இருக்குது? டி.வி.யிலயே காட்டறாங்கல்ல!"

அதன்பின் தெருவில் என் பேச்சு எடுபடவில்லை. இயக்குநர் தெரியாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பேன். அந்த மனிதர் எதற்காக எம்.ஏ. படித்தார் என்பதுதான் எனக்கு இன்னும் புரியவில்லை.