ஆயில் சீல் போன வண்டிக்காரர்கள்

மோதிரம் அளவு ரப்பர் வளையத்தை மாற்ற அரை நாள் ஆகும் என்று சொன்னால், எந்தக் கஸ்டமரும் நம்புவதில்லை. அதுதான் பைக் மெக்கானிக் தொழிலின் முதல் கஷ்டம். எஞ்சினுக்குள் சுற்றும் தண்டு வெளியே தலை நீட்டும் இடத்தில், ஆயில் கசியாமல் பிடித்துக்கொள்வது அந்த வளையம்தான். பெயர் ஆயில் சீல். அது தேய்ந்தால் வண்டி நின்ற இடமெல்லாம் கறுப்புப் பொட்டு. காலையில் வாசலில் அந்தப் பொட்டை நீங்களும் தேய்த்துக் கழுவியிருந்தால், நாம் ஒரே கட்சி. திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் இருக்கிறது என் ஒர்க் ஷாப்.

மாத்த வேணாம்

பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் வண்டியை விட்டுவிட்டு, "இன்னைக்கே சீல் மாத்திடுங்க" என்று அவசரப்பட்டார். செயினைக் கழற்றுவதற்குள் அவர் மனைவி ஆட்டோவில் வந்து இறங்கி, "மாத்த வேணாம்" என்றார்.

வாத்தியாருக்குச் சர்க்கரை ஜாஸ்தி. இனிப்பைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தினமும் சாயங்காலம் கோயிலுக்கு என்று கிளம்புவாராம். அந்தம்மா காய்கறி வாங்கப் போனபோது, ஸ்வீட் கடை வாசலில் வரிசையாகக் கறுப்புப் பொட்டு. வீட்டு வாசலில் இருக்கும் அதே பொட்டு. நிமிர்ந்து பார்த்தால், உள்ளே கையில் ஜாங்கிரியோடு வாத்தியார்.

பின்னாலேயே வந்து சேர்ந்த வாத்தியார், "ரோட்டுல ஆயில் கொட்டி யாராவது வழுக்கி விழுந்தா பாவம் இல்லையா?" என்று கேட்டார். அது நியாயம்தான். அந்தம்மா சொன்னார்: "சரி, மாத்துங்க. ஸ்வீட் கடைகிட்ட போனா மட்டும் ஒழுகற மாதிரி ஏதாவது சீல் இருந்தா, அதையே போட்டுடுங்க."

பௌர்ணமி அன்று

நாளைக் காலை வேலூரில் நர்ஸ் வேலைக்கு இன்டர்வியூ என்று சொல்லி ஒரு பெண் வண்டியை விட்டுப் போயிருந்தாள். எஞ்சினைப் பிரித்த பிறகுதான் பௌர்ணமி என்பது உறைத்தது. கிரிவலத்துக்காக ரோட்டை அடைத்துவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு நடந்தே போனேன். ஊரே ஒரு பக்கம் வர, நான் மட்டும் எதிர்ப்பக்கம். "வழி தப்பா போறீங்க சாமி" என்று ஆளாளுக்குத் திருப்பிவிடப் பார்த்தார்கள்.

சீலோடு திரும்பிக் கவரைப் பிரித்தால், உள்ளே இருந்தது வேறு வண்டியின் சீல். மறுபடியும் எதிர்நடை. இந்த முறை கடைக்கார பாய் பழைய சீலைப் பக்கத்தில் வைத்து, அளவு பார்த்துக் கொடுத்தார். விடிவதற்குள் அந்தப் பெண் கிளம்பிவிட்டாள், வேலையும் கிடைத்தது. வேர்த்துக் கொட்டி நின்ற என்னிடம் பாய் அன்று சொன்னதுதான் மறக்கவில்லை: "இப்படி துண்டு துண்டா நடந்தாலும், மொத்தமா சேத்தா ஒரு கிரிவலம் வந்துடும் தம்பி, விடுங்க."

பெண் பார்க்கப் போன வண்டி

அடி அண்ணாமலை பிரபு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவன். போளூர் பக்கம் பெண் பார்க்கப் போனவன், புதிதாக வெள்ளை டைல்ஸ் போட்ட வாசலில் வண்டியை நிறுத்திவிட்டான். பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால், தோசை அளவுக்கு ஆயில். மறுநாள் பெண்ணின் அப்பா தரகருக்குப் போன் போட்டு, "வண்டியையே இப்படி வெச்சிருக்கறவன் பொண்ண எப்படி வெச்சுக்குவான்?" என்று கேட்டிருக்கிறார்.

"அந்தப் பொண்ண எனக்கு ரொம்பப் புடிச்சிருக்குண்ணா. நீங்க ஒழுகறத நிறுத்திக் குடுங்க, மீதிய நான் பாத்துக்கறேன்" என்றான் பிரபு. பழைய சீல் பிளாஸ்டிக் மாதிரி விறைத்துக் கிடந்தது. கீறல் விழாமல் நெம்பி எடுத்து, புது சீலின் உள்விளிம்பான உதட்டில் ஆயில் தடவி, கோணாமல் தட்டி இறக்கினேன். எஞ்சினை ஓடவிட்டு அடியில் நியூஸ்பேப்பரை விரித்தேன். ஒரு சொட்டு இல்லை.

நேராகப் போளூருக்குப் போனவன், அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்து, சோப்புத்தூள் போட்டு அந்த டைல்ஸைத் தேய்க்க ஆரம்பித்திருக்கிறான். பெண்ணின் அப்பா கையைக் கட்டிக்கொண்டு பார்த்தபடியே நின்றாராம். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண்ணே வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். தையில் கல்யாணம். போன மாதம் இரண்டு பேரும் வண்டியை சர்வீஸுக்கு விட வந்தார்கள். கறை போயிற்றா என்று கேட்டேன். அவள்தான் பதில் சொன்னாள்: "முழுசா போகலண்ணா. நான் தேய்க்கப் போனா, 'அது எங்க மாப்ள வந்த அடையாளம், இருக்கட்டும்'னு அப்பா உட மாட்டேங்கறாரு."

ஆகவே இப்போதெல்லாம் ஆயில் ஒழுகும் வண்டியோடு யார் வந்தாலும், ஸ்பேனரைத் தேடுவதற்கு முன்னால் ஸ்டூலை எடுத்துப் போட்டுவிடுகிறேன், கதை எப்படியும் பின்னாலேயே வரும்.