பெரும்பாக்கம் ஏழாவது மாடியிலிருந்து சித்த மருத்துவமனைக்கு

என் தங்கை கஸ்தூரியை ஆற்றோரத்து வீட்டிலிருந்து பெயர்த்துப் பெரும்பாக்கம் அரசுக் குடியிருப்பில் ஏழாவது மாடியில் வைத்தார்கள். அவளுடைய இட்லிக்கடை போயிற்று. விரல் மூட்டுகள் வீங்குகின்றன என்று போனால் ஒரு டாக்டர் வயசு என்றார். தூக்கமில்லை, பேசப் பிடிக்கவில்லை என்று போனால் இன்னொருவர் மனச்சோர்வு என்று மாத்திரை எழுதினார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒருவரும் மெனக்கெடவில்லை. இது அநியாயம். அதனால்தான் தை மாதக் கடைசியில் அவளைத் தாம்பரம் பக்கமுள்ள ஒரு சித்த மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன்.

பொழிச்சலூரிலிருந்து காலை ஐந்தரைக்குக் கிளம்பினேன். அவள் குடியிருப்பில் லிஃப்ட் ஓடவில்லை. அறுபத்தெட்டு வயதில் ஏழு மாடி, திட்டிக்கொண்டே ஏறினேன். அங்கிருந்து தாம்பரம் சுமார் பதினாலு கிலோமீட்டர். மேடவாக்கத்தில் பஸ் மாற வேண்டும். சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களிடம் காசு வாங்குவதில்லை. கேம்ப் ரோடு நெரிசலையும் சேர்த்து ஒன்றேகால் மணி நேரம்.

தாம்பரத்தில் ஆட்டோக்காரர் நூற்றிருபது கேட்டார். நான் எண்பதிலேயே நின்றேன். கஸ்தூரி அவரிடம், “எங்கக்காவாண்ட பேசி ஜெயிக்க முடியாதுண்ணா, ஏத்திக்கினு போயிடு” என்றாள். அவள் கேலி பேசிக் கேட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன. எண்பதுக்கே போனோம்.

புறநோயாளிச் சீட்டு வாங்கி வரிசையில் உட்கார்ந்தோம். பக்கத்தில் இருந்த அம்மாள், இங்கிலீஷ் மாத்திரை பேச்சையே எடுக்காதீர்கள், மருந்து தர மாட்டார்கள் என்று யோசனை சொன்னார். நம் ஜனங்களின் வழக்கம் இது. அங்கே போனால் நாட்டு மருந்தை மறைப்பது, இங்கே வந்தால் மாத்திரையை மறைப்பது. கஸ்தூரியும் மாத்திரை அட்டையை மணிபர்ஸுக்குள் செருகிக்கொண்டாள்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். நாடி பார்த்தார், விரல்களை அழுத்திப் பார்த்தார், வீடு மாறியதைப் பற்றி விசாரித்தார். மன அழுத்தம் மாதக்கணக்கில் நீடித்தால் உடம்பில் அழற்சி அடங்காமல் போகலாம், சிலருக்கு அது மனச்சோர்வையும் வளர்க்கும், மனச்சோர்வு தூக்கத்தைக் கெடுத்து அழற்சியைக் கூட்டும் என்றார். எல்லோருக்கும் அப்படித்தான் என்று சொல்ல முடியாது என்றும் சொன்னார். நான் நூலகத்தில் படித்துத் தெரிந்துகொண்டதை ஒரு டாக்டர் வாயால் கேட்டது அன்றுதான்.

வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கஸ்தூரி என் கையைப் பிடித்தாள்.

“நீ இரு அக்கா. மனசுக்கு மாத்திரை கீது மேடம். பத்து நாளா நிறுத்திட்டேன். பக்கத்து வூட்டம்மா அமுக்கரா பொடி குடுத்தாங்க. ரெண்டும் ஒத்துக்காதுன்னாங்க.”

எனக்கே அப்போதுதான் தெரியும். டாக்டர் திட்டவில்லை. “மாத்திரையைத் திடீர்னு நிறுத்தக் கூடாதும்மா. இன்னிக்கே அந்த டாக்டரைப் பாருங்க. அவர் சொல்ற வரைக்கும் பொடி வேணாம்” என்றார். அஸ்வகந்தா என்கிற அமுக்கராவும் மஞ்சளும் சிலருக்கு உதவலாம், ஆனால் ஆதாரம் இன்னும் போதாது, மாத்திரைக்கு மாற்றும் அல்ல என்று விளக்கினார். விரல்களுக்குப் பூச மட்டும் ஒரு தைலம் கொடுத்தார்.

அன்று மதியமே மாத்திரை எழுதிய டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னோம். மாத்திரையை மறுபடி தொடங்கினார், மூட்டுக்கு ரத்தப் பரிசோதனையும் எழுதினார். ஐந்து வாரம் ஆகிறது. வீக்கம் வடிந்திருக்கிறது, தூங்குகிறாள். எதனால் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

இப்படிப் போக நினைப்பவர்கள் சாப்பிடும் மாத்திரை, பொடி, லேகியம் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, டாக்டர் கேட்பதற்கு முன்பே மேசைமேல் வைக்க வேண்டும். தைராய்டுக்கோ தூக்கத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கேட்காமல் அமுக்கராவைத் தொடக் கூடாது. பொடி கொடுக்கும் பக்கத்து வீட்டார் மாத்திரையை நிறுத்தச் சொல்லக் கூடாது. மூட்டு பார்க்கும் டாக்டர் தூக்கத்தைப் பற்றிக் கேட்க வேண்டும், மனசு பார்க்கும் டாக்டர் விரல்களையும் பார்க்க வேண்டும். குடியிருப்பு அதிகாரிகள் லிஃப்ட்டை ஓட வைத்து, கீழே கடை போட இடம் தர வேண்டும். கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் மனு கொடுத்திருக்கிறேன். கிடைக்கும்வரை திங்கள்தோறும் போய் நிற்பேன். வருகிற திங்கள் தானும் வருவதாகக் கஸ்தூரி சொல்கிறாள்.