சிவக்காத பால்

எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். ஞாபகமும் முன்னே மாதிரி இல்லை. பொறுத்துக்கொள்ள வேண்டும். போன வாரம் பக்கத்து வீட்டில் மருமகளுக்குக் குங்குமப்பூ வாங்கி வந்து, நல்லதா போலியா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்தும் வாய் திறக்கக் கூச்சமாக இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசி. தேரடி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்கு வெல்ல மண்டியில் எடை போடுகிற வேலை. நான் இரண்டாவது முறை உண்டாகியிருந்தேன். முதல் தடவை பாதியில் கலைந்துவிட்டது. அதனால் இந்தத் தடவை ஐந்தாவது மாதம் பிறந்ததுமே, குங்குமப்பூ பால் கொடுத்தே ஆக வேண்டும் என்று என் மாமியார் சொல்லிவிட்டார். குழந்தை தங்கும், சிவப்பாகவும் பிறக்கும் என்பது அவர் நம்பிக்கை. எனக்கு நிறம் எப்படி இருந்தால் என்ன, தங்கினால் போதும். அந்தப் பாலைக் குடித்தால் தங்கிவிடும் என்று நானும் நம்பினேன்.

என் வீட்டுக்காரர் நாட்டு மருந்துக் கடையில் ஒரு டப்பா வாங்கி வந்தார். தீப்பெட்டியில் பாதிகூட இருக்காது. உள்ளே ஒரு சிட்டிகை, நார் நாராக. விலையைக் கேட்டு மாமியார் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எங்கள் வீட்டுக்கு ஒரு வாரத்து அரிசி அது. காஷ்மீரத்திலிருந்து வருகிறதாம், ஒரு பூவுக்கு மூன்று நார்தானாம், அதையும் கையால்தான் கிள்ளி எடுக்க வேண்டுமாம். கடைக்காரர் சொன்னதை அவர் ஒப்பித்தார். தீபாவளி வேட்டிக்கு வைத்திருந்த பணம் அதில் போயிருந்தது. பழைய வேட்டியோடு அவர் தீபாவளி கொண்டாடியபோதுதான் எனக்கே தெரிந்தது.

டப்பா வாங்கி வந்த அன்று நாத்தனாரும் வந்திருந்தார். என் வீட்டுக்காரருக்கு அக்கா, கீழ்பென்னாத்தூரில் வாழ்க்கைப்பட்டவர். பிள்ளை உண்டாகியிருந்தபோது, தீபத் திருவிழாக் கூட்டத்தில் ஒரு கூடைக்காரியிடம் குங்குமப்பூ சல்லிசாக வாங்கிச் சாப்பிட்டாராம். அதில் மிச்சத்தை எனக்காக முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தார்.

மாமியார் சூடான பாலில் டப்பாவிலிருந்து சில நார்களைப் போட்டு ஆற்றினார். பால் வெள்ளையாகவே இருந்தது. மறுபடி ஆற்றினார். அப்படியேதான்.

“எனக்குப் போட்டவுடனே ரோஸ்மில்க் மாதிரி செவந்துச்சே. தம்பி, உன்ன நல்லா ஏமாத்திட்டான்டா” என்றார் நாத்தனார்.

“ஊரு ஜனத்துக்கெல்லாம் எடை போடற. உன் தலையிலேயே மொளகா அரைச்சிட்டானா?” என்றார் மாமியார்.

என் வீட்டுக்காரர் டப்பாவைக் கடைக்காரன் மூஞ்சியிலேயே எறிந்துவிட்டு வருகிறேன் என்று சட்டையை மாட்டினார். மாமியார் அந்த டம்ளரை ஓரமாக வைத்துவிட்டு, நாத்தனார் கொண்டுவந்ததை வேறு பாலில் போட்டார். போட்டதுமே செக்கச்செவேல் என்று ஆனது. குடி என்று என் கையில் கொடுத்தார்.

குடிக்கத் திரும்பினேன். மேலே மிதந்த நாரெல்லாம் சாயம் போய், வெளுத்த நூல் மாதிரி கிடந்தது. வாசனையே இல்லை. ஓரமாக இருந்த டம்ளரைப் பார்த்தேன். அந்தப் பால் இப்போது பசு நெய் நிறத்தில் மஞ்சளாகியிருந்தது. நார் மட்டும் சிவப்பாகவே இருந்தது. தேன் மாதிரி ஒரு வாசனை.

அவர் செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது. மாமியார் எதிரில் நான் அவரைக் கூப்பிட்டதே கிடையாது. நாத்தனார் மனசு நோகுமே என்ற பயம் வேறு.

“என்னங்க, போவாதீங்க.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் இரண்டு டம்ளரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

நாத்தனார் ரொம்ப நேரம் பார்த்தார். வெளுத்த நாரை எடுத்து மென்றார், சப்பென்று இருந்தது போல. மற்றதை மென்றதும் கசப்பில் முகத்தைச் சுளித்தார். ஏதோ நாருக்குச் சாயம் போட்டு விற்றிருக்கிறாள் மகராசி என்று அவரே சொல்லிச் சிரித்துவிட்டார்.

“ஊற வச்சுக் குடுக்கணும்னு கடைக்காரர் சொன்னாரு. மறந்துட்டேன்” என்றார் என் வீட்டுக்காரர் மெதுவாக.

“இத முன்னாடியே சொல்றதுக்கென்ன, வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?” என்று மாமியார் சிவப்புப் பாலைச் சாக்கடையில் கொட்டினார்.

நான் மஞ்சள் பாலில் பாதியை நாத்தனாருக்கு ஊற்றினேன். அவளுக்கு எதற்கு, அவள் பிள்ளை பள்ளிக்கூடமே போகிறானே என்றார் மாமியார்.

“காசு குடுத்து சாயத் தண்ணி குடிச்சேன். ஒரு வாய் நெசத்தயும் குடிச்சிக்கிறேன்மா” என்று அவர் வாங்கிக் குடித்தார்.

குழந்தை தங்கியது. பெண், நல்ல கறுப்பு. டப்பாக் காசு வீணா என்று நாத்தனார் கேலி செய்தார். “கத்தற கத்தல கேளு, அது போதும்” என்றார் மாமியார்.

நிறத்துக்கும் குங்குமப்பூவுக்கும் சம்பந்தமே இல்லை என்று பிற்பாடு ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா சொன்னார்கள். குழந்தை தங்கினதும் அதனால்தானா, தெரியாது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும். டப்பாவின் விலையும் சரியாக நினைவில்லை. அந்தக் கறுப்புப் பெண்தான் இதை முதலில் படிக்கப்போகிறாள். நான் எழுதினதில் தப்பு இருந்தால், அவளே விசாரித்துத் திருத்தட்டும்.